கிடங்கும் தோணியும்: சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கட்டட மீட்பில் தமிழர் சுவடுகள்

திறவுச்சொற்கள்: சிங்கப்பூர் ஆறு, சூலியா, கிடங்கு, தொங்கான், மரபுக் கட்டடப் பாதுகாப்பு

முன்னுரை

சிங்கப்பூர் ஆற்றின் கரையில் மாலை உணவுக்கு அமர்வோர் பலர், பழைய பண்டகசாலை ஒன்றின் சுவருக்குள்ளேயே அமர்கின்றனர். போட் கீ, கிளார்க் கீ ஆகிய இரு துறைகளிலும் 19ஆம் நூற்றாண்டின் மரபில் எழுந்த கடைவீடுகளும் கிடங்குகளும் மீட்டமைக்கப்பட்டு உணவகங்களாகவும் மதுக்கூடங்களாகவும் இயங்கி வருகின்றன. கிளார்க் கீயில் இயங்கிய 'தி பம்ப் ரூம்' போன்றவை பீர் தயாரிக்கும் கலன்களை உணவுக்கூடத்திலேயே நிறுவியிருந்தன. அரிசி, மிளகு, ரப்பர் முதலிய சரக்குகளுக்காக எழுந்த கட்டடத்தொகுதி உணவுக்கும் மதுவுக்கும் உரியதாக மாறியதைப் பலரும் நகர்ப்புற மீட்பின் வெற்றியாகவே எழுதியுள்ளனர். அது வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இம்மீட்பு கட்டடத்தையே மரபின் அளவுகோலாகக் கொண்டது. அதனால் நீரின்மேல் தொழில் செய்த தமிழ் முஸ்லிம் தோணிக்காரர்கள் மீட்கப்பட்ட கரையில் இடம்பெறாமல் போயினர் என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

துறையின் தோற்றம்

1819இல் ஆங்கிலேயர் குடியேற்றம் நிறுவப்பட்டபோது ஆற்றின் தென்கரை சதுப்பு நிலமாக இருந்தது. 1822இல் இராபிள்ஸ் அருகிலிருந்த குன்றொன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு சதுப்பைத் தூர்க்கச் செய்தார். குன்று இருந்த இடம் இன்றைய இராபிள்ஸ் பிளேஸ். தூர்க்கப்பட்ட கரை போட் கீ. அதே காலத்து நகரத் திட்டத்தில், சீனர் குடியிருப்புக்கு மேலே ஆற்றோரமாகச் 'சூலியா கம்போங்' குறிக்கப்பட்டுள்ளது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களையே காலனியப் பதிவுகள் 'சூலியா' என்னும் பெயரால் சுட்டுகின்றன. அவர்களுக்கென ஆற்றோர நிலம் ஒதுக்கப்பட்டது தற்செயலன்று. கடற்கலங்கள் ஆற்றுக்குள் நுழைய இயலாமல் வெளியே நங்கூரமிட்டு நின்றன. அவற்றின் சரக்கைக் கரைசேர்க்கும் தோணித்தொழில் தொடக்கப் பத்தாண்டுகளில் பெரும்பாலும் சூலியாக்களின் கையில் இருந்தது.

1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் நான்கில் மூன்று பங்கு போட் கீயில் நடந்தது எனக் கணிக்கப்படுகிறது. அவ்வளவு சரக்கும் தோணிகளிலிருந்து ஒடுங்கிய பலகைகளின் வழியே மனிதத் தோள்களில் ஏறிக் கிடங்குகளைச் சேர்ந்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் தோணித்தொழில் படிப்படியாகச் சீனர் வசமாயிற்று. முகப்பில் கண்கள் வரையப்பட்ட சீனத் தோணிகளே பிற்காலப் புகைப்படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் ஆற்றின் அடையாளமாக நிலைபெற்றன. இப்படங்களைக் கொண்டு முழு நூற்றாண்டையும் கணிப்போர் முதல் பாதியைத் தவறவிடுவர்.

ஒரு சொல்லின் பயணம்

இக்கட்டடங்களைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'கோடவுன்' என்னும் சொல்லை இங்குக் கருத வேண்டும். யூல், பர்னல் ஆகியோர் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி (1886) இதனை மலாய் வடிவத்தின் வழியே தெலுங்கு 'கிட்டங்கி', தமிழ் 'கிடங்கு' ஆகியவற்றோடு தொடர்புபடுத்துகிறது. சங்க இலக்கியத்தில் அகழியைக் குறித்த 'கிடங்கு' பிற்காலத்தில் சரக்குகள் கிடக்கும் இடத்தைக் குறிக்கலாயிற்று. சிங்கப்பூரின் நகரத்தார் தம் வணிகக் கூடத்தையும் தங்குமிடத்தையும் ஒருங்கே 'கிட்டங்கி' என்றே அழைத்தனர். தோணிக்கு வழங்கிய 'தொங்கான்' என்னும் சொல்லோ கிழக்கிலிருந்து தமிழுக்கு வந்தது. ஆங்கில அறிவிப்புப் பலகைகளில் 'கோடவுன்' என்று படித்துச் செல்லும் தமிழ்ப் பயணி தம் சொல்லையே படிக்கிறார் என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிவதில்லை.

ஆறு வெறுமையாதல்

1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுகளில் ஆற்றைத் தூய்மையாக்க வேண்டும் எனப் பணித்தார். பன்றி, வாத்துப் பண்ணைகள் அகற்றப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோர உணவு வணிகர்கள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். 1983இல் எண்ணூறு அளவிலான தோணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. கரையில் மலிவு விலையில் உண்டுவந்த தொழிலாளியும் அவருக்கு விற்ற வணிகரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அவ்விடம் நீங்கினர். கொள்கலன் துறைமுகம் வந்தபின் தோணித்தொழிலுக்கு நெடுநாள் வாழ்வு இருந்திராது; ஆகவே தூய்மைத் திட்டம் ஒன்றே அதனை அழித்தது எனல் பொருந்தாது.

போட் கீ 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே தனித்தனி உரிமையாளர்கள் தத்தம் கடைவீடுகளைச் சீரமைத்தனர். கிளார்க் கீ ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் மீட்கப்பட்டு 1993இல் திறக்கப்பட்டது. 2006இல் தெருக்களுக்கு மேல் விதானங்கள் அமைந்த தோற்றத்தைப் பெற்றது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் நெறி மூன்று கூறுகளைக் கொண்டது: இயன்ற அளவு நிலைநிறுத்தல், நுண்ணுணர்வோடு மீட்டமைத்தல், கவனத்துடன் பழுதுநீக்கல். இம்மூன்றும் கூரை, சுவர், சன்னல், ஐந்தடி நடைபாதை ஆகியவற்றின்மேல் செயல்படுபவை. உள்ளே நடந்த தொழில் இவற்றின் வரம்புக்குள் வராது.

உணவகமாக மாறாதிருந்தால் இக்கட்டடங்கள் எஞ்சியிருக்குமா என்று கேட்பது நியாயமே. மார்க்கெட் தெருவின் நகரத்தார் கிட்டங்கிகள் இதற்கு விடை தருகின்றன. ஆற்றிலிருந்து சில நிமிட நடைத்தொலைவில் இருந்த அவை, 1970களில் தொடங்கிய நிதி மாவட்டச் சீரமைப்பில் மறைந்தன. மீந்திருப்பது ஆற்றங்கரையில் நிறுவப்பட்டுள்ள, செட்டியார் உருவம் இடம்பெறும் வெண்கலச் சிற்பத்தொகுதி. உணவகத்தின் வாடகை காத்த சுவரோடு ஒப்பிட்டால், சிற்பம் மிகச் சிறிய ஈடே ஆகும். ஆகவே மது விற்கும் கிடங்கைக் குறைகூறுவது எளிது. அதன் பயனை மறுப்பது கடினம். மது அருந்தாத நெறியுடைய ஒரு சமூகம் சரக்கிறக்கிய துறை இன்று பீருக்குப் பெயர்பெற்றிருப்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. அதற்கு மேல் அதிலிருந்து பொருள் தேட வேண்டியதில்லை.

சுவடுகள் உள்ள இடம்

தோணிக்காரர் சுவடுகளைக் காண ஆற்றிலிருந்து சற்று விலகிச் செல்ல வேண்டும். போட் கீயின் பின்புறமுள்ள தெரு முன்னர் 'கிளிங் தெரு' எனப்பட்டது. இழிவுப் பொருள் ஏறிவிட்ட அச்சொல்லை இந்தியர் எதிர்த்ததால், 1920களின் தொடக்கத்தில் அது 'சூலியா தெரு' ஆயிற்று. இன்று அது வங்கிகளின் தெரு. சௌத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் நிறுவப்பட்டது. தெலுக் ஆயர் தெருவில், ஓலைக்குடிசையாகத் தொடங்கியதால் 'குச்சுப் பள்ளி' எனப்பட்ட அல்-அப்ரார் பள்ளிவாசலும், 1828-1830இல் எழுந்த நாகூர் தர்காவும் உள்ளன. இம்மூன்றும் 1974இல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. போட் கீ பாதுகாப்புப் பெறுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது. தெலுக் ஆயர் அன்று கடற்கரை. கடல் தூர்க்கப்பட்டபின் அது நகரின் நடுப்பகுதியாயிற்று. கடல்வழி வந்தோர் கரையேறியதும் நன்றி செலுத்திய இடம், இன்று கடலைக் காண இயலாத தொலைவில் உள்ளது.

எழுத்துச் சான்றுகளிலும் இதே இடைவெளி உண்டு. பிரதிகள் கிடைக்கும் தொடக்ககாலத் தமிழ் இதழான 'சிங்கை நேசன்' 1887இல் வெளிவரத் தொடங்கியபோது, தோணித்தொழில் ஏற்கெனவே கைமாறியிருந்தது. எனவே சூலியா தோணிக்காரரின் காலம் அச்சுக்கு முந்தியதாகிவிட்டது. பள்ளிவாசல்களின் அறக்கட்டளை ஆவணங்கள், துறைமுகப் பதிவுகள், நாகூர், காரைக்கால் குடும்பங்களிடம் எஞ்சியுள்ள கடிதங்கள் ஆகியவற்றை ஒருசேர ஆராயும் பணியைச் சிங்கப்பூரில் மட்டும் இருந்து செய்துவிட முடியாது. அதன் பாதி சோழமண்டலக் கரையில்தான் தொடங்க வேண்டும்.