மாத்தளைத் தோட்டத் தொழிற்சாலைகளும் பழைய புகைப்படங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டு ஆலைத் தொழில் பெருநகரங்களை உருவாக்கிற்று. இலங்கையின் மலைநாட்டிலோ அது தோட்டங்களின் நடுவே கட்டடங்களை எழுப்பிற்று. மாத்தளைப் பகுதியின் தொழில்சார் கட்டடக்கலையை ஆராய்வோர் நகர வீதிகளை மட்டுமன்றி, ரத்தோட்டை, எல்கடுவை முதலிய இடங்களின் தோட்டங்களையும் நோக்குதல் வேண்டும்.

கோப்பிக் காலத்தில் பழத்தின் தோலுரிக்கும் ஆலை ஓடையருகே அமைந்தது. நீர்ச்சக்கரமே அதனை இயக்கியது. உலர்த்தும் களமும் 'ஸ்டோர்' எனப்பட்ட பண்டசாலையும் அதனை அடுத்திருந்தன. 1869 இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. 1880 இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தபோது, அது ஏற்றிச்செல்ல வேண்டிய கோப்பியே அழிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. பின்னர் தேயிலையும் கொக்கோவும் அதனிடத்தைப் பெற்றன. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பல மாடிகள் தேவைப்பட்டன. மேல்மாடிகளிற் கொழுந்து வாடுவதற்குக் காற்று வேண்டியிருந்தமையால் சாளரங்கள் வரிசையாக அமைந்தன. கீழ்த்தளத்தில் அரைத்தலும் உலர்த்தலும் நிகழ்ந்தன. ஆயினும் தோட்ட மக்கள் இப்புதிய கட்டடத்தையும் 'ஸ்டோர்' என்றே அழைத்தனர். கோப்பி அழிந்தும் அக்காலச் சொல் அவர்கள் நாவில் அழியவில்லை.

இக்காலத் தோட்டத் தொழிலைப் படம்பிடித்தோருள் ஸ்கீன், ஸ்கோவன் ஆகிய நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். 1870களில் வழக்கிலிருந்த ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டிற் கழுவுதல் வேண்டும். இருட்டறைக்குரிய கூடாரத்தையும் உடன் சுமந்து செல்ல நேர்ந்தது. ஒளிபடும் நேரம் நீண்டதாகையால் அசைவன மங்கிப்போயின. அசையாத கட்டடம் இம்முறைக்கு ஏற்ற பொருளாயிற்று. உழைப்பாளரோ வேலையை நிறுத்தி அசையாது நின்றால் மட்டுமே தெளிவாகப் பதிந்தனர். எனவே, அப்படங்களிற் காணப்படும் அமைதி தொழிற்சாலையின் இயல்பான அமைதியன்று.

இத்தகைய படங்களை விலைகொடுத்து வாங்கியோர் பெரும்பாலும் தோட்டத்துரைமாரும் பயணிகளுமே. ஆர்னல்ட் ரைட் தொகுத்து 1907 இல் வெளிவந்த இலங்கை பற்றிய பெருநூலிலும் துரையின் பங்களாவும் தொழிற்சாலையும் முதன்மை பெறுகின்றன. உடைமையாளரின் பெயர்கள் அச்சேறியுள்ளன. மன்னார்க் கரையிலிறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளர், கட்டடத்தின் உயரத்தை உணர்த்தும் அளவுகோல்போலப் பெயரின்றி நிற்கின்றனர். அவர்கள் வாழ்ந்த லயங்கள் அருகியே இடம்பெறுகின்றன. 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரட் கமரன், தோட்டத் தொழிலாளரின் முகங்களைத் தனித்தனியே நோக்கிப் படமெடுத்தார். ஆனால் அவர் படங்களிலும் அம்மக்களுட் பெரும்பாலோரின் பெயர்கள் இல்லை.

எனவே இப்படங்களைச் சான்றாகக் கொள்வோர் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: படம் யாருக்காக எடுக்கப்பட்டது? சட்டகத்துக்கு வெளியே எது விடப்பட்டது? முதல் வினாவுக்குப் படத்தொகுப்புகளே பெரும்பாலும் விடை தரும். இரண்டாவதற்கு விடை காண, பிரட்டுக்களம், லயம், ஸ்டோர் என்னும் சொற்களுடன் தலைமுறை தலைமுறையாக வந்த தோட்ட மக்களின் நினைவுகளைக் கேட்டறிதல் அவசியம். கட்டடங்களின் உருவத்தைப் புகைப்படங்கள் காத்துள்ளன. அவற்றினுள் உழைத்தோரின் வரலாறோ முதியோரின் நினைவிலேயே பெரிதும் தங்கியுள்ளது. அவர்கள் மறையுமுன் அதனைத் தொகுத்தல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் ஏற்கவேண்டிய பணியாகும்.