அருமண் கலந்த யுரேனியம் டைஆக்சைடில் ஆக்சிசனின் வெப்ப இயக்கவியல்

அருமண் கலந்த யுரேனியம் டைஆக்சைடு என்பது, யுரேனியம் டைஆக்சைடு படிகத்தில் யுரேனிய அணுக்களில் ஒரு பகுதிக்குப் பதிலாக காடோலினியம், நியோடிமியம், லாந்தனம், இட்ரியம் போன்ற அருமண் தனிமங்கள் அமர்ந்துள்ள திண்மக் கரைசல் ஆகும். அணு உலை எரிபொருளில் இது இரு வழிகளில் உருவாகிறது. நியூட்ரான்களை மிகுதியாக உறிஞ்சும் காடோலினியம், உலையின் தொடக்க வினைத்திறனைக் கட்டுப்படுத்தும் 'எரியும் நஞ்சாக' வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. மற்றவை அணுப்பிளவின் விளைபொருட்களாக எரிபொருளுக்குள்ளேயே தோன்றுகின்றன. இக்கரைசல் ஆக்சிசனை (ஒட்சிசன்) எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்துள்ளது என்பது எரிபொருளின் ஆயுளையும் அதன் உறையின் பாதுகாப்பையும் பாதிக்கிறது.

படிக அமைப்பு

யுரேனியம் டைஆக்சைடு ஃபுளோரைட்டு வகைப் படிகம் ஆகும். இதில் ஒவ்வொரு யுரேனியமும் எட்டு ஆக்சிசன்களால் சூழப்பட்டுள்ளது. அணுக்களுக்கு இடையே வெற்று இடைவெளிகள் உள்ளதால் மிகை ஆக்சிசனும் இதில் நுழைய முடியும். எனவே ஆக்சிசன்–உலோக விகிதம் சரியாக 2.00 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

யுரேனியத்தின் இணைதிறன் 4. அருமண் தனிமங்களின் இணைதிறன் பொதுவாக 3. இக்குறையை ஈடுசெய்ய இரு வழிகள் உள்ளன: ஆக்சிசன் இடங்கள் காலியாகலாம், அல்லது யுரேனியம் தன் இணைதிறனை உயர்த்திக்கொள்ளலாம். இட்ரியம் கலந்த சிர்க்கோனியாவில் சிர்க்கோனியத்தால் 4-ஐத் தாண்ட முடியாது. ஆகவே அங்கு காலியிடங்களே தோன்றுகின்றன. யுரேனியத்துக்கு 5, 6 ஆகிய நிலைகளும் இயலும். எடுத்துக்காட்டாக, உலோக அணுக்களில் 10 விழுக்காடு காடோலினியமாகவும் விகிதம் 2.00 ஆகவும் இருந்தால், யுரேனியத்தின் சராசரி இணைதிறன் ஏறத்தாழ 4.11 ஆகிறது. வெளிப்பார்வைக்கு மிகை ஆக்சிசன் ஏதும் இல்லை. ஆனால் யுரேனியம் முன்னரே ஆக்சிசனேற்றம் அடைந்துள்ளது.

ஆக்சிசன் ஆற்றல்நிலை

திண்மத்துடன் சமநிலையில் உள்ள ஆக்சிசனின் பகுதி அழுத்தத்தின் இயல் மடக்கையை வளிம மாறிலியாலும் தனி வெப்பநிலையாலும் பெருக்கக் கிடைப்பது ஆக்சிசன் ஆற்றல்நிலை எனப்படும். இது எதிர்க்குறி மதிப்பு. சுழியை நெருங்க நெருங்க ஆக்சிசன் தளர்வாகப் பிணைந்துள்ளது என்று பொருள். ஒரே விகிதத்தில் ஒப்பிட்டால், அருமண் சேர்க்கச் சேர்க்க இம்மதிப்பு உயர்கிறது.

இதை அளக்க இரு முறைகள் பரவலாக உள்ளன. ஐதரசன்–நீராவி போன்ற வளிமக் கலவையில் சமநிலைப்படுத்தி எடை மாற்றத்தை அளப்பது ஒன்று. ஜப்பானில் உனே, ஒகுமா ஆகியோர் 1980களில் காடோலினியக் கரைசல்களை எடையளவு முறையில் ஆராய்ந்தனர். மற்றொன்று திண்ம மின்பகுளிக் கலம். இதில் 1 வோல்ட் மின்னியக்கு விசை, ஒரு மோல் ஆக்சிசனுக்கு ஏறத்தாழ 386 கிலோஜூல் வேறுபாட்டுக்குச் சமம். இதன் மின்பகுளியாகப் பயன்படுவது மேற்கூறிய சிர்க்கோனியாவே; அளக்கும் கருவியும் அளக்கப்படும் பொருளும் ஒரே படிகக் குடும்பம்.

இணைதிறன் கணக்கு மட்டும் போதுமானதன்று. மேற்கண்ட 10 விழுக்காட்டுக் கரைசலில் எல்லா யுரேனியமும் 4 ஆவது விகிதம் 1.95-இல்தான், ஆற்றல்நிலை அங்கேதான் செங்குத்தாக மாற வேண்டும் என எதிர்பார்க்கலாம். அளவீடுகளிலோ அம்மாற்றம் 2.00-ஐ ஒட்டியே காணப்படுகிறது. அவ்விடத்தில்தான் இடைவெளி ஆக்சிசன் முடிந்து காலியிடங்கள் தொடங்குகின்றன.

உலையில் இதன் விளைவு

ஒரு யுரேனியம் பிளவுறும்போது அதனுடன் இருந்த இரு ஆக்சிசன்கள் விடுபடுகின்றன. அருமண் அணு ஒன்று ஒன்றரை ஆக்சிசனையே பிணைக்கும். செனான், ருத்தேனியம், பல்லேடியம் எதையும் பிணைப்பதில்லை. எனவே எரிய எரிய ஆற்றல்நிலை உயர முனைகிறது. பிளவில் தோன்றும் மாலிப்டினம் ஆக்சைடாக மாறி இவ்வுயர்வை ஓரளவு தாங்குகிறது. மிஞ்சும் ஆக்சிசன் உறையை அரிக்கிறது. எரிபொருளின் வெப்பக் கடத்தலும் குறைகிறது.

கல்பாக்கம் ஆய்வுகள்

கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலை, கலப்புக் கார்பைடு எரிபொருளைக் கொண்டது; அதில் இச்சிக்கல் இவ்வடிவில் எழுவதில்லை. 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கோ யுரேனியம்–புளுட்டோனியம் ஆக்சைடே எரிபொருள். உறையில் கசிவு ஏற்பட்டால் குளிர்விப்பியான சோடியம் ஆக்சைடுடன் வினைபுரியும். அவ்வினை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை ஆக்சிசன் ஆற்றல்நிலையே வரையறுக்கிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேதியியலாளர்கள் யுரேனியம்–அருமண் கலப்பு ஆக்சைடுகளின் வெப்பக் கொண்மை, வெப்ப விரிவு ஆகியவற்றை அளந்து வெளியிட்டுள்ளனர். புளுட்டோனியத்தைக் கையாள்வது கடினம் என்பதால் இத்தகைய சோதனைகளில் சீரியம் அதற்கு மாற்றாகப் பயன்படுத்தப்படுவதுண்டு. சீரியமும் 3, 4 ஆகிய இரு நிலைகளையும் ஏற்பதால் அது பொருத்தமானதே; எனினும் புளுட்டோனியத்தைவிட எளிதில் 3-க்கு இறங்கிவிடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.