பால் குடிக்கும் பிள்ளையும் அடுத்த கருவும்: ஜிந்துப்பிட்டித் தாய்மாரை முன்வைத்து

"பிள்ளை பால் குடிக்கும் மட்டும் வயித்தில தங்காது" என்று கொழும்பு 13, ஜிந்துப்பிட்டித் தோட்டக் குடியிருப்புகளில் மூத்த பெண்கள் இளந்தாய்மாருக்குச் சொல்வதுண்டு. படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளுவது பிழை. அந்தச் சொல்லில் உடலியல் உண்மை இருக்கிறது. ஆனால், அது பலிப்பதற்கு வேண்டிய வாழ்க்கை அங்கே உழைக்கும் தாய்க்கு வாய்ப்பதில்லை.

குழந்தை முலையைச் சப்பும்போது எழும் நரம்புத் தூண்டல் தாயின் மூளையை எட்டி, கருமுட்டையை முதிரச் செய்யும் ஹோர்மோன்களின் சீரான சுரப்பைக் குலைக்கிறது. சுரக்கும் பால் எவ்வளவு என்பதைவிட, பிள்ளை எத்தனை தடவை சப்புகிறது என்பதே இங்கே பெரிது. கலஹாரிப் பாலைநிலத்துக் குங் மக்களை ஆராய்ந்த மெல்வின் கொன்னரும் கரோல் வொர்த்மனும் 1980 இல் இதைக் காட்டினர். அங்கே பிள்ளைகள் மணிக்குப் பலமுறை, ஒவ்வொரு தடவையும் ஓரிரு நிமிடமே பால் குடித்தன. கருத்தடைச் சாதனம் எதுவுமில்லாமலே பிரசவங்களுக்கிடையே மூன்றரை ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்தது.

1988 இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய நிபுணர்கள் இதற்கு எல்லை வகுத்தனர். மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. பிள்ளைக்குத் தாய்ப்பாலே முழு உணவாக, அல்லது ஏறக்குறைய முழு உணவாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. மூன்றும் ஒருசேர இருந்தால் பாதுகாப்பு 98 வீதத்துக்கு மேல். பகலில் நான்கு மணி நேரத்துக்கும் இரவில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் பால் கொடுக்காமல் இருக்கக் கூடாது என்பது நடைமுறை விதி.

இந்த விதியைப் புறக்கோட்டைத் துணிக்கடையில் நிற்கும் ஒரு பெண்ணின் நாளோடு பொருத்திப் பார்க்கலாம். காலை எட்டரைக்குப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறாள். பீய்ச்சி வைத்த பாலை அம்மம்மா கோப்பையில் புகட்டுகிறார். கடை மூடி, சனநெருக்கடிக்குள்ளால் அவள் வீடு வந்து சேர இரவு ஏழு மணி. பிள்ளைக்குக் கிடைத்தது முழுக்கத் தாய்ப்பால்தான்; ஆனால் பத்தரை மணி நேரம் சப்புதல் இல்லை. வேலைக்குப் போகும் தாய்மாரிடம் சிலி நாட்டில் நடந்து 2000 இல் வெளியான ஆய்வில், பாலூட்டலையே கருத்தடையாக நம்பியவர்களிடையே ஆறு மாதத்தில் கருத்தரித்தோர் 5.2 வீதம். பீய்ச்சிய பால் பிள்ளையைக் காக்கும். தாய்க்கு அதே காவலை அது முழுமையாகத் தராது.

சட்டமும் உடலுக்கு முந்திக்கொள்கிறது. இலங்கையில் 2018 சட்டத் திருத்தத்துக்குப் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் பிரசவ விடுமுறை 84 நாள். ஆறு மாதத்துக்கு வெகு முன்னரே அது தீர்ந்துவிடும். வீட்டுவேலைக்கும் தெருவோர வியாபாரத்துக்கும் போகும் பெண்ணுக்கு அந்த 84 நாளும் இல்லை.

இன்னொரு கண்ணி, "மாசக்குளிப்பு வரட்டும், பிறகு பார்ப்பம்" என்ற எண்ணம். முதல் மாதவிடாய்க்கு முன்பே முட்டை வெளிவரலாம். அந்த முட்டையே கருவானால் மாதவிடாய் வராமலே அடுத்த கர்ப்பம் தொடங்கும். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கும் நாட்டில், இந்தத் தவறான கணிப்பின் முழுப் பாரமும் அவள் தலையிலேயே விழுகிறது.

"ஊசி போட்டால் பால் வத்திப்போகும்" என்று கருத்தடை ஊசிக்கு அஞ்சுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரஜன் கலந்த கூட்டு மாத்திரைகள் பாலைக் குறைக்கக்கூடும். ஆகவே பாலூட்டும் தாய்க்கு ஆறு மாதம் வரை அவை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. மூன்று மாத ஊசியில் ஈஸ்ட்ரஜன் இல்லை. அதை ஆறு கிழமைக்குப் பின் போடலாம். கருப்பைக்குள் வைக்கும் லூப்பைப் பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள்ளோ நான்கு கிழமைக்குப் பின்னரோ வைக்கலாம். இவ்விரண்டும் பாலைக் கெடுப்பதாகச் சான்றில்லை.

2016 குடிசன சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர். குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பு அதில் பெரிது. அவர்களிடமே இன்னொன்றையும் கேட்கிறேன். ஆறாம் மாதம் சோறு மசித்து ஊட்டச் சொல்லிக்கொடுக்கும் நாளில்தான் பாலின் காவலும் முடிகிறது. கருத்தடை அதற்கு முன்பே தாயின் கையில் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவளுக்கு அந்நாள் இன்னும் முந்தியது. கர்ப்பகாலக் கிளினிக்கிலேயே "எப்ப வேலைக்குத் திரும்புறீங்க?" என்று கேட்டு, அந்தத் திகதியைக் கொப்பியில் எழுதி, அதற்கு இரண்டு கிழமை முந்தியே அவள் விரும்பும் முறையைக் கொடுத்துவிட வேண்டும்.