அருகில் கிடைத்த பிரதி



பாடசாலைக் கணினி அறையில் டெபியன் லினக்ஸ் நிறுவும்போது, எந்த நாட்டு மிரரிலிருந்து கோப்புகளை எடுக்க வேண்டும் என்று அது கேட்கும். "மிரர் என்றால் என்ன சேர்?" என்று பிள்ளைகள் எங்களிடம் கேட்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

1990களில் பிரித்தானியாவையும் அமெரிக்காவையும் இணைத்த இணையவழி நெரிசலானது, செலவும் கூடியது. 1998 ஆகஸ்ட் முதல், அமெரிக்காவிலிருந்து வரும் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் 2 பென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. 20 மெகாபைட் கோப்பொன்றை 50 மாணவர்கள் தனித்தனியே இறக்கினால் 20 பவுண்!

சிக்கனத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கேச்: ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது. 1996இல் வெளியான ஸ்க்விட் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்தது. மற்றையது மிரர்: வெளிநாட்டு மென்பொருள் களஞ்சியத்தின் பிரதியை உள்நாட்டில் வைத்திருப்பது. 1999இல் கென்ட், லங்காஸ்டர் பல்கலைக்கழகங்கள் நாடு முழுவதற்கும் அப்படியொரு சேவையைத் தொடங்கின.

ஆனால் பழக்கத்தில் பலரும் அமெரிக்க முகவரியையே அழுத்தினார்கள். கேச்சும் பெரிய கோப்புகளைப் பெரும்பாலும் சேமிக்காது.

இரண்டையும் இணைத்தது ரீடைரக்டர் என்ற சிறு நிரல். வரும் முகவரி ஒவ்வொன்றையும் ஸ்க்விட் அதனிடம் காட்டும். அந்தக் கோப்பு உள்நாட்டு மிரரில் இருந்தால், முகவரியை மாற்றிக் கொடுக்கும். கேட்டவருக்கு எதுவும் தெரியாது. கோப்பு மட்டும் விரைவாக வந்து சேரும்.

சிக்கலும் இங்கேதான். மிரரில் இருப்பது பழைய பிரதியாக இருந்தால்? யாராவது அதில் கை வைத்திருந்தால்? கேட்டது ஓரிடத்தில், கிடைத்தது வேறிடத்திலிருந்து. இடையில் நிற்பவரின் கையில் இருப்பது ஓர் அமானிதம்.

பின்னர் எச்டிடிபிஎஸ் பரவியது. முகவரியின் பெரும்பகுதி மறைக்கப்பட்டே செல்வதால், இடையில் நிற்கும் கணினி இப்படிச் சொல்லாமல் திருப்பிவிட முடியாமல் போனது. ஆனால் மிரர்கள் மறையவில்லை. டெபியன் இன்று நம்மிடம் கேட்டே தெரிவு செய்கிறது. வந்து சேர்ந்ததை டிஜிட்டல் கையொப்பத்தைக் கொண்டு சரிபார்க்கிறது.

டேட்டாவை மிச்சம் பிடிக்க நாமும் நண்பரின் போனிலிருந்து ஆப்பை வாங்கி நிறுவுகிறோம். அருகில் இருப்பதை எடுப்பது நல்ல சிக்கனம்தான். அது அசல்தானா என்று பார்த்துவிட்டு எடுப்போம்.