ஆள் பார்த்துப் பேசும் கடை: ஆகுர்டி ஸ்கூட்டர் வழியே ஒரு வரலாறு

இணையக் கடையைத் திறந்தால் அப்பாவுக்கு ஒரு முகப்பும் மகளுக்கு வேறொரு முகப்பும் தெரிவதை நேற்று முளைத்த வித்தையாகவே பேசி வருகிறோம். ஆள் பார்த்துச் சரக்கை எடுத்து வைப்பது நம் கடைத்தெருக்களுக்குப் பழகிய காரியம்தான். பெரிய ஆலைகளின் காலத்தில் அந்த வேலை யார் யார் கைக்குப் போயிற்று என்று பார்க்க, புனேயை அடுத்து மும்பைச் சாலையோரம் இருக்கும் ஆகுர்டி பொருத்தமான இடம். பஜாஜ் ஆட்டோவின் ஆலை எழுந்த ஊர் அது. அங்கிருந்து வெளிவந்த ஸ்கூட்டரை வாங்க வந்தவர்களை முதலில் அரசு வகை பிரித்தது. பிறகு விளம்பரக்காரர்கள் பிரித்தார்கள். இப்போது மென்பொருள் பிரிக்கிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரிப்பதில் பெரிய புதுமை இல்லை. பிரித்தது அடுத்தவர் கண்ணில் படுகிறதா என்பதில்தான் மாற்றம் நடந்திருக்கிறது.

பஜாஜ் 1948-இல் வண்டிகளை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. உற்பத்தி உரிமம் 1959-இல் கிடைத்தது. இத்தாலியின் பியாஜியோவுடன் செய்துகொண்ட தொழில்நுட்ப ஒப்பந்தம் 1971 வரை இருந்தது. அது முடிந்த மறு ஆண்டு, ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரைத் தாங்கி சேத்தக் வந்தது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை ஆலை முடிவு செய்ய முடியாத காலம் அது. எண்ணிக்கை தில்லியில் தீர்மானமாயிற்று. மக்களுக்குத் தேவையான பொருளைக் கூடுதலாகச் செய்வது குற்றமென்றால் சிறைக்குப் போகவும் தயார் என்ற பொருளில் நிறுவனத்தை நடத்திய ராகுல் பஜாஜ் பேசியது அந்நாளைய சூழலுக்குச் சாட்சி. விற்பனையும் 1960-இல் வந்த கட்டுப்பாட்டு ஆணைக்குள் அடங்கியிருந்தது. முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர் பத்தாண்டு காத்திருப்பது அதிசயமில்லை. அரசு ஒதுக்கீட்டில் வருபவருக்கு ஒரு வழி, டாலரில் பணம் கட்ட வெளிநாட்டில் உறவினர் உள்ளவருக்கு இன்னொரு வழி, கள்ளச் சந்தையில் கூடுதல் தொகை கொடுப்பவருக்கு வேறொரு வழி. சாதாரணப் பதிவுதாரருக்கோ வரிசை மட்டும்.

இது பங்கீடு, இதை வாடிக்கையாளருக்கேற்பப் பேசுவதோடு எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த வரிசையில் யாரையும் கவர வேண்டிய தேவை இல்லை. வாங்குபவரின் விருப்பத்தை யாரும் விசாரிக்கவும் இல்லை. ஆனால் ஒரே விற்பனையாளரிடம் ஒரே நாளில் போன இரண்டு பேருக்கு, நீங்கள் யார் என்பதைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு பதில் கிடைத்தது. இன்றைய இணையக் கடையின் அடிப்படைக் கணக்கும் இதுதான். வேறுபாடு, அன்றைய வகைகள் சட்டத்திலும் ஆணையிலும் எழுதப்பட்டிருந்தன. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று ஊரே திட்டியது. திட்டுவதற்குத் தோதாக அது வெளிப்படையாக இருந்தது. அந்த ஏற்பாட்டை நான் நியாயப்படுத்தவில்லை. பத்தாண்டு காக்க வைப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

போட்டி வந்ததும் காட்சி மாறியது. ஒசூரிலிருந்து டிவிஎஸ் 50 1980-இல் வந்து, ஸ்கூட்டர் எட்டாத கைகளைப் பிடித்தது. நம் ஊர்ப் பால்காரரின் கேன் ஏறியது அந்த வண்டியில். கைனடிக் ஹோண்டா 1984-இல் கியர் மாற்றும் தொல்லையை எடுத்துவிட்டது. ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 மறு ஆண்டே வந்து, பெட்ரோலை எண்ணிச் செலவழிப்பவரிடம் பேசியது. பஜாஜின் பதில் விசித்திரமானது. லிண்டாஸ் நிறுவனம் 1989-இல் செய்த ‘ஹமாரா பஜாஜ்’ விளம்பரம் பல சமயத்தவர், பல வயதினர், பலவகை வீட்டார் எல்லோரையும் ஒரே பாட்டில் நிறுத்தியது. வகை பிரிக்காமல் விற்கலாம் என்பதற்கு அதையே உதாரணம் காட்டுவோர் உண்டு. எனக்கு அது வகைகளை நன்றாக அறிந்தவர்கள் செய்த வேலையாகவே படுகிறது. ஒவ்வொரு குழுவையும் தனித்தனியே அடையாளம் கண்டபிறகுதான் ஒரே படச்சட்டத்துக்குள் அடுக்க முடியும். ‘நம்முடையது’ என்று உரக்கச் சொல்லும் அவசியமும், கைவிட்டுப் போகும் அச்சம் வந்தபோதுதான் எழுந்தது.

அந்தச் சட்டகம் அதிக நாள் நிற்கவில்லை. 2001-இல் பஜாஜின் பல்சர் மோட்டார் சைக்கிள் வந்தபோது, இது ஆண்தான், ஐயமில்லை என்ற பொருள்படும் ஆங்கில வாசகத்தோடு வந்தது. ஒசூரின் ஸ்கூட்டி போகப்போகப் பெண்களின் வண்டி என்று பேரெடுத்தது. பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்தி வைக்கும் துணிச்சல், காத்திருப்பு வரிசையில் பழகிய ஓர் ஆலையிடமிருந்து வந்தது வேடிக்கைதான். ஆனால் அந்த விளம்பரத்தைப் பெண்களும் பார்த்தார்கள். அது தங்களை ஒதுக்குவது அவர்களுக்குத் தெரிந்தது. முகம் சுளிக்க முடிந்தது. தொலைக்காட்சி எல்லோர் வீட்டுக் கூடத்திலும் ஒரே படத்தைக் காட்டியதன் விளைவு இது.

இணையக் கடையில் அந்தக் கூடம் இல்லை. அஞ்சல் குறியீடு, கையில் உள்ள கருவி, முன்பு பார்த்த பக்கங்கள், கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போன பொருள், எந்த விளம்பரத்தைத் தொட்டு வந்தீர்கள் என்பது, இவற்றைக் கூட்டி மென்பொருள் உங்களை ஒரு வகைக்குள் போட்டுவிடுகிறது. அமேசான் 2000-ஆம் ஆண்டு ஒரே டிவிடிக்கு ஆளுக்கொரு விலை காட்டிப் பார்த்தது. வாங்கியவர்கள் தங்களுக்குள் விலையை ஒப்பிட்டதால்தான் அது அம்பலமானது. நிறுவனம் வித்தியாசத் தொகையைத் திருப்பிக் கொடுத்தது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடு. ஒரு வித்தியாசம், அங்கே துண்டு போட்டிருப்பதாவது சுற்றி நிற்பவருக்குத் தெரியும்.

இதற்கு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. எல்லோருக்கும் எல்லாவற்றையும் காட்டினால் யாருக்கும் வேண்டியது கிடைக்காது. மின்சார வண்டியையே எடுத்துக்கொள்வோம். மாநிலத்துக்கு மாநிலம் சலுகையும் சாலை வரியும் வேறு. மதுரைக்காரருக்குப் புனே விலையைக் காட்டுவதால் பயனில்லை. புதிய சேத்தக் 2020 ஜனவரியில் புனேக்கும் பெங்களூருவுக்கும் மட்டுமே வந்தபோது, மற்ற ஊர்க்காரரிடம் இங்கு இன்னும் இல்லை என்று சொல்வதுதான் நேர்மை. இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இங்கே கடை, உங்கள் ஊர் எது என்று கேட்டுவிட்டுப் பேசுகிறது. கேட்டுப் பிரிப்பது ஒன்று, கேட்காமல் ஊகித்துப் பிரிப்பது வேறொன்று. இந்திய அரசு 2020 ஜூலையில் அறிவித்த மின்வணிக விதிகள், நுகர்வோரின் உரிமையைப் பாதிக்கும்படி அவர்களைத் தன்னிச்சையாக வகைப்படுத்தக் கூடாது என்கின்றன. ஒரு காலத்தில் ஸ்கூட்டர் வாங்குவோரை ஆணை போட்டு வகைப்படுத்திய அதே அரசு என்பது நினைவில் இருக்கட்டும். விதி நல்ல விதிதான். ஆனால் தான் எந்த வகைக்குள் இருக்கிறோம் என்று தெரியாதவர் எதைக் காட்டிப் புகார் கொடுப்பார்?

ஆகுர்டியில் வாகன உற்பத்தி 2007-இல் நின்றது. 2009 இறுதியில் ஸ்கூட்டரையே கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. பிறகு மின்சாரச் சேத்தக்குக்கு இணைய முன்பதிவு 2021 ஏப்ரலில் மறுபடி திறந்தபோது, கூட்டம் தாங்காமல் 48 மணி நேரத்தில் மூட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூனில் அதே ஆகுர்டியில் மின்சார வண்டிக்கான புதிய ஆலை திறக்கப்பட்டது. வரிசை திரும்பி வந்திருந்தது, இம்முறை ஆளுக்கொரு திரையில்.