துணி விற்று வாங்கிய மணல்

சனி, ஞாயிறு வந்துவிட்டால் திருவான்மியூருக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர் என்று சென்னையின் கடலோரப் புறநகர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நீள்கின்றன. முட்டுக்காட்டில் படகு, கோவளத்தில் வறுத்த வஞ்சிரம், வடநெம்மேலியில் முதலைகள், சாலையோரம் சீவித் தரும் நுங்கு. இவற்றுக்காக ஓடும் கூட்டத்தில் பெரும்பாலோர் ஈஞ்சம்பாக்கத்தில் கடல் பக்கமாக இருக்கும் ஒரு வாசலைக் கவனிப்பதில்லை. உள்ளே இருப்பது சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே காசு சேர்த்து, தாங்களே நிலம் வாங்கி, தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஊர். சென்னையின் கலை வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான காரியம் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கதை தொடங்கியது கடற்கரையில் அல்ல. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு ஓவியக் கல்லூரியில். 1850இல் தோன்றிய பள்ளி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி நெடுங்காலம் அதன் முதல்வராக இருந்தார். அவருக்குப் பிறகு 1957இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். தந்தித் துறை வேலையை விட்டுவிட்டு, இருபத்தைந்தாவது வயதில் இதே பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர். நிலையான சம்பளத்தை உதறுவது என்றால் என்ன என்பதை அனுபவித்து அறிந்த மனிதர் முதல்வரானது மாணவர்களின் அதிர்ஷ்டம்.

அவர் கண்ணெதிரே ஒரு துயரம் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்தது. கல்லூரியில் ஐந்தாறு வருடம் வரைந்து வரைந்து கை தேர்ந்தவர்கள், படிப்பு முடிந்ததும் வரைவதை நிறுத்தினார்கள். நிறுத்தத்தான் முடிந்தது. அன்றைய மெட்ராஸில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை. பள்ளியில் டிராயிங் மாஸ்டர் வேலை, விளம்பர நிறுவனத்தில் வேலை, நெசவுக்கு டிசைன் போடும் வேலை, இவற்றில் ஒன்று கிடைத்தால் பிழைப்பு ஓடும். மாலையில் வீடு திரும்பி வரையலாம் என்பார்கள். களைத்துத் திரும்பியவர்களில் எத்தனை பேர் வரைந்தார்கள்?

பணிக்கர் 1944லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை ஆரம்பித்திருந்தார். 1960களின் தொடக்கத்தில் தன் மாணவர்களையும் இளம் ஓவியர்களையும் உட்காரவைத்து அவர் பேசிய யோசனை எளிமையானது. ஓவியம் சோறு போடாது என்றால், கை வேறொன்றைச் செய்து சோறு போடட்டும். ஓவியம் யாருக்கும் கைகட்டி நிற்காமல் தன் போக்கில் வளரட்டும். அந்தக் கல்லூரியில் ஓவியத்தோடு கைத்தொழில்களும் கற்றுத்தரப்பட்டதால், இது அவர்களுக்கு அந்நியமான பேச்சாக இல்லை. ஓவியர்கள் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். கையில் எடுத்த தொழில்களில் முதன்மையானது பாத்திக்.

பாத்திக் எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் அது ஏன் ஓவியர்களுக்கு ஒத்துவந்தது என்பது புரியும். வெள்ளைப் பருத்தித் துணியில் முதலில் உருவத்தைக் கோடாக வரைந்துகொள்கிறார்கள். வெள்ளையாகவே நிற்க வேண்டிய இடங்களில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் பூசுகிறார்கள். பிறகு துணி சாயத் தொட்டியில் முங்குகிறது. சாயம் குளிர்ந்திருக்க வேண்டும். சூடு பட்டால் மெழுகு இளகிவிடும். மெழுகு மூடிய இடத்தில் சாயம் ஏறாது. மஞ்சள் ஏறிய துணியைக் காயவைத்து, மஞ்சளாகவே இருக்க வேண்டிய பகுதிகளை மறுபடி மெழுகால் மூடி, அடுத்து சிவப்பில் முக்கலாம்; அதன் பிறகு நீலமோ கறுப்போ. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குத்தான் போக முடியும், திரும்பி வர முடியாது. எல்லாம் முடிந்ததும் கொதிநீரில் மெழுகை எடுத்தால் படம் வெளியே வரும். துணி மடங்கியபோது மெழுகில் விழுந்த விரிசல்கள் வழியே சாயம் கசிந்து, மயிரிழை போன்ற கோடுகள் படம் முழுக்க ஓடும். ஒரு துணியில் விழுந்தது இன்னொன்றில் விழாது. அச்சுக் கட்டையால் ஒரே பூவை நூறு முறை பதிக்கிற வேலை இல்லை இது. ஒவ்வொரு துணிக்கும் புதிதாக யோசிக்க வேண்டும், கடைசி நிறத்தை முதல் மெழுகுப் பூச்சின்போதே மனத்தில் பார்த்திருக்க வேண்டும். ஓவியனுக்கு இது வயிற்றுப்பாட்டு வேலை மட்டும் அல்ல, பயிற்சியும்கூட.

அந்தத் துணிகளைக் கண்காட்சி வைத்து விற்றார்கள். கித்தானில் வரைந்ததை வாங்காத ஊர், துணியில் வரைந்ததை விரும்பி வாங்கியது. அந்தப் பணத்தைப் பங்கு பிரித்துக்கொண்டு கலைந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சேர்த்து வைத்து நிலம் தேடினார்கள். நகரத்துக்குள் வாங்க வழியில்லை. மாமல்லபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கம் என்ற சிற்றூரை ஒட்டி, எட்டுப் பத்து ஏக்கர் மணல் கிடைத்தது. 1966இல் சோழமண்டலம் பிறந்தது. அரசு ஒதுக்கிய நிலமும் அல்ல, செல்வந்தர் ஒருவர் எழுதிவைத்த தானமும் அல்ல. சுமார் முப்பது கலைஞர்களின் உழைப்பு விலை அது.

இன்று அந்த இடத்தின் மனை விலையைக் கேட்பவர்களுக்கு அன்றைய நிலைமை விளங்காது. சவுக்கும் தாழையும் மணலும்தான். பக்கத்தில் மீனவர் குப்பம். குடியேறியவர்கள் கீற்றுக் கொட்டகைகளில் தொடங்கினார்கள். மின்சாரம் பிறகுதான் வந்தது. 1967இல் ஓய்வு பெற்ற பணிக்கரும் அங்கேயே வந்து தங்கி, 1977இல் இறக்கும்வரை வரைந்தார். மாணவர்களை மணலுக்கு அனுப்பிவிட்டுத் தான் நகரத்தில் சாய்வு நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு ஆசிரியரை மதிக்க எனக்கு இந்த ஒன்றே போதும்.

நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, மிச்சம் முழுவதும் சொந்தப் படைப்புக்கு என்பது ஏற்பாடு. பாத்திக்கோடு தோல் வேலை, பீங்கான், செம்பு, பித்தளைத் தகடுகளில் தட்டி எடுக்கும் புடைப்புச் சிற்பம் என்று தொழில்கள் பெருகின. விற்றதில் ஒரு பங்கு கிராமத்தின் பொதுச் செலவுக்குப் போனது.

அந்த மணலில் விளைந்ததைச் சொல்ல வேண்டும். பணிக்கர் தன் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை 1963இல் தொடங்கியிருந்தார். ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், கணிதக் குறிகள், மலையாள எழுத்தை ஒத்த கிறுக்கல்கள் என்று ஓலைச்சுவடியைப் பார்ப்பதுபோல் இருக்கும் அந்தப் படங்கள் அவருடைய உச்சம். எஸ்.ஜி. வாசுதேவ் செம்புத் தகட்டிலும் கித்தானிலும் மரங்களை வளர்த்தார். அர்னவாஸ், கலைஞர்களில் பெண்கள் அரிதாக இருந்த காலத்தில் அங்கே குடியேறி வேலை செய்தார். சுல்தான் அலி, ஹரிதாசன், சேனாதிபதி, பி.எஸ். நந்தன் என்று பட்டியல் நீளும். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸ் வரை போனார்கள். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் உலோகத் தகடுகளைப் பற்றவைத்து, கோயில் திருவாசியை நினைவூட்டும் சிற்பங்களைச் செய்தார். கிராமத்தை 2017இல் மறையும்வரை தோளில் சுமந்தவரும் அவர்தான்.

கே. ராமானுஜம் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். பேச்சு தடுமாறும், உலகத்தோடு ஒட்டாத இளைஞர். கறுப்பு மையில் அவர் வரைந்த கோபுரங்களும் மாளிகைகளும் பறக்கும் விலங்குகளும் வேறு யாருடைய கையிலும் வராது. வெளியே எந்த அலுவலகமும் அவருக்கு வேலை கொடுத்திருக்காது. 1973இல் இளம் வயதிலேயே போய்விட்டார். அதுவரை அவர் வரைந்துகொண்டே இருக்க ஒரு கூரை இருந்ததே, அதுவே இந்தக் கிராமத்துக்கு வந்த மிகப் பெரிய பெருமை.

பிறகு காலம் மாறியது. ஓவியங்கள் விற்கத் தொடங்கின. கைவினைக்கு இருந்த அவசரம் குறைந்தது, பாத்திக் தொட்டிகள் மெல்ல வற்றின. இதில் எனக்கு வருத்தம் உண்டு. நிலத்தை வாங்கிக்கொடுத்த தொழிலுக்கு அந்த நிலத்தில் இன்னும் பெரிய இடம் இருந்திருக்கலாம். 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாக வந்தது. மணல் மனையாயிற்று, மனை மாளிகையாயிற்று. அந்த நெருக்கடியிலும் கிராமம் விலைபோகவில்லை. 2009இல் அங்கே சமகாலக் கலை அருங்காட்சியகம் திறந்தது. மெட்ராஸ் இயக்கம் என்று கலை வரலாறு அழைக்கும் அந்தத் தலைமுறையின் படைப்புகளை ஒரே கூரையின் கீழ் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. தோட்டத்தில் கற்சிற்பங்கள் திறந்த வெளியில் நிற்கின்றன.

இந்தக் கரைக்குக் கைத்தொழில் ராசி உண்டு. வடக்கே திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவின் தறிகள். தெற்கே முட்டுக்காட்டில், பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பி 1996இல் திறந்த தட்சிணசித்ரா. அங்கே குயவர் சக்கரம் சுற்றுவதைக் குழந்தைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் சோழமண்டலம். மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஆனால் நான் பரிந்துரைப்பது அதை அல்ல.

அடுத்த முறை கோவளத்து மீனுக்குப் போகும்போது ஈஞ்சம்பாக்கத்தில் வண்டியை ஓரங்கட்டுங்கள். அருங்காட்சியகத்தில் ராமானுஜத்தின் படம் இருக்கிறதா என்று கேட்டுத் தேடுங்கள். பணிக்கரின் எழுத்துகளைப் படிக்க முயல வேண்டாம். எட்ட நின்று பார்த்தால் போதும். வெளியே வரும்முன் விற்பனைக்கு வைத்திருப்பதையும் ஒரு பார்வை பாருங்கள், முடிந்தால் சிறிய கோட்டோவியம் ஒன்றாவது வாங்குங்கள். வாங்க ஆள் இல்லாத ஊரில்தான் அவர்கள் துணியில் மெழுகு பூச வேண்டியிருந்தது.