தேருக்கு முட்டுக்கட்டை, காருக்கு டை ராட்

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பையனிடமிருந்து போன். புனேவுக்கு நாங்கள் வந்து இருபது வருஷம் ஆச்சு. அவன் இங்கேதான் இன்ஜினியரிங் படிக்கிறான். காலேஜ் பசங்க சேர்ந்து ஒரு சின்ன ரேஸ் கார் கட்டுகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு நம்ம கோயமுத்தூர் கரி ஸ்பீட்வேக்குப் போட்டிக்குப் போகணுமாம்.

"அப்பா, சின்ன வளைவுல முன்சக்கரம் தேய்ச்சுக்கிட்டே வருது. ஸ்டீயரிங் ஆர்மை நடுவுல வெட்டி, ஒரு துண்டு வெச்சு வெல்டு பண்ணிடலாமா?"

தூக்கம் போச்சு. "வேண்டாம் கண்ணு, எதையும் வெட்டிடாதே. காலையில நான் வர்றேன்" என்றேன். மறுநாள் பட்டறையில் அவனுக்குச் சொன்ன கதைதான் இது.

நம்ம ஊர்த் தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புவார்கள். மாட்டுவண்டிக்கு இரண்டே சக்கரம். மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். சிக்கலெல்லாம் நாலு சக்கரக் குதிரை வண்டிக்குத்தான். அதில் முன் அச்சு முழுசும் நடுவில் ஒரு முளையில் சுழலும். வேகமாக ஒடித்துத் திருப்பினால் ஒரு பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் போய்விடும். தாங்குவதற்கு ஆள் இல்லாமல் வண்டி குடை சாயும்.

சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் ஒரு டாக்டர். நோயாளிகளைப் பார்க்க வண்டியிலேயே சுற்றியவர். அச்சு அசையாமல் இருக்கட்டும், சக்கரங்கள் மட்டும் தனித்தனியாகத் திரும்பட்டும் என்று 1750களின் கடைசியிலேயே யோசித்துவிட்டார். 1817இல் மியூனிக்கில் வண்டி செய்துகொண்டிருந்த லாங்கென்ஸ்பெர்கர் இதே வழிக்கு வந்தார். அவர் சார்பில் லண்டனில் 1818இல் காப்புரிமை வாங்கியவர், படங்கள் அச்சிட்டு விற்ற ருடால்ஃப் ஆக்கர்மன். செய்தவர் ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்கு :-)

வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிச்சக்கரம் பெரிய வட்டம். அதனால் உள்சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்ப வேண்டும். இரண்டு ஸ்டீயரிங் ஆர்மும் பின் அச்சின் நடுவைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தால், டை ராட் அந்த வித்தியாசத்தை ஏறக்குறைய தானாகவே தந்துவிடும். 1878இல் பிரான்சில் ழாந்தோ சொன்ன கணக்கு இது. பையன் வண்டியில் இந்தச் சாய்வுதான் தப்பு.

ரேஸ்காரர்கள் இந்தக் கணக்கையும் மாற்றுவார்கள். வேகத்தில் டயர் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே வளைவதால், சிலர் இரண்டு சக்கரமும் சமமாகத் திரும்பும்படி வைப்பார்கள்; சிலர் வெளிச்சக்கரத்தை அதிகம் திருப்புவார்கள். இங்கிலாந்தில் பழைய ஆஸ்டின் 7 கார்களைப் பிரித்து ரேஸ் ஓட்டியவர்கள் எல்லாம் வீட்டு ஷெட்டில் வேலை பார்த்த சாதாரண ஆட்கள். 1948இல் அப்படித் தொடங்கியவர்தான் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன். 1952இல் வந்த லோட்டஸ் 6இல் ஃபோர்டின் முன் அச்சை நடுவில் பிளந்து, இரண்டு பாதியும் தனித்தனியாக ஆடும்படி செய்தார். இப்படிச் செய்தால் ஸ்டீயரிங் ராடும் அச்சோடு ஒத்து ஆட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானே திரும்பிக்கொள்ளும்.

"அப்ப நாங்க மாத்தறதுல என்னப்பா தப்பு?" என்றான்.

மாற்றுவது தப்பில்லை. வெட்டி ஒட்டுவதுதான் பயம். வெல்டு சூட்டில் பக்கத்து இரும்பின் பலம் மாறிவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் விசை மாறி மாறி விழ, கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கேதான் வளரும்.

அயர்டன் சென்னாவின் கதையைச் சொன்னேன். கைக்கு இடம் போதவில்லை என்று அவர் கேட்டதால், ஸ்டீயரிங் தண்டை வெட்டி, குறைந்த விட்டமுள்ள குழாயை வைத்து வெல்டு செய்திருந்தார்கள். 1994 மே 1 அன்று இமோலாவில் சுவரில் மோதி இறந்தார். தண்டு உடைந்திருந்தது, அதில் பழைய விரிசலும் இருந்தது. விபத்துக்குக் காரணம் எது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்த மோசமான மாற்றமே காரணம் என்று 2007இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபார்முலா ஒன் டீமுக்கே இந்தக் கதி என்றால்?

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து வந்தான். ஸ்டீயரிங் வீலில் மொத்த ஆட்டம் 7 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. ராட் எண்டின் போல்ட்டை இரண்டு பக்கமும் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய வாஷராவது போட வேண்டும். உள்ளே இருக்கும் குண்டு பிய்ந்தாலும் ராட் கழன்று விழாது. "இதெல்லாம் சும்மா மார்க்குக்குன்னு நினைச்சேன்பா" என்றான்.

புது ஆர்ம் இரண்டையும் ஒரே கட்டி இரும்பிலிருந்து கடைந்து எடுத்தார்கள். நாலு நாள் தாமதம், டீமில் சண்டை வேறு. வெட்டாமல் தப்பித்த பழைய ஆர்ம் என் மேஜை மேல் இருக்கிறது.

அவன் போகிற ட்ராக்குக்கு, மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார் கட்டிய கோவைக்காரர் கரிவரதனின் பெயர். எத்தனையோ பசங்க முதன்முதலாக ரேஸ் ஓட்டியது அந்தக் காரில்தான். போட்டியைப் பார்க்க நாங்களும் ஊருக்குப் போகிறோம். அவன் ஜெயிக்கிறானோ இல்லையோ, கிளம்பும் முன் அந்த போல்ட்டை நான் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிடுவேன்.